எண்ணி எடுத்த கை, எட்டிக் கொடுக்குமா?

கடலுக்கு அடியிலே கிடக்கும் சிப்பியை ஒன்று விடாமல் எண்ணத் தெரிந்தது சர்க்காருக்கு. கரைக்கு மேலே, குடிசை வாசலிலே குந்தியிருக்கும் கிழவியை எண்ணும்போதுதான் கணக்குத் தவறிப் போகிறது! விந்தையாக இல்லையா உங்களுக்கு? தூத்துக்குடி மண்ணிலே நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் வேறு எங்கே நின்று சொல்வது? முத்துக்குக் கணக்கு வைத்த ஊராயிற்றே இது!

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலே இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். முத்துப்பார் எங்கே இருக்கிறது, எத்தனை பாகம் ஆழம், சிப்பிக்கு வயது என்ன, இந்த ஆண்டு எடுக்கலாமா, அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்கலாமா, அத்தனையும் ஆய்ந்து அறிக்கை எழுத அதிகாரிகள் இருந்தார்கள். தர்ஸ்டன் எழுதினார், ஹார்னெல் எழுதினார். அந்த ஏடுகளைப் புரட்டினால், சிப்பிக்குக் கிடைத்த மரியாதை கண்டு மலைத்துப் போவீர்கள். கல்லைக் காலிலே மாட்டி, மூச்சை நெஞ்சிலே பூட்டி, கயிற்றை நம்பிக் கடலடிக்குப் போய்வந்தவன் அள்ளிவந்த சிப்பி, அவன் வீட்டுக்குப் போகவில்லை. சர்க்காரின் கொட்டகைக்குப் போயிற்று. அங்கே மூன்று கூறாக்கினார்கள். இரண்டு கூறு சர்க்காருக்கு; ஒரு கூறு மூச்சடக்கியவனுக்கு. சர்க்காரின் கூறு ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு ஏலத்துக்கு வந்தது. எந்தத் தோணி, எத்தனை ஆள், எல்லாம் ஏட்டிலே ஏறிற்று. எடுக்க வேண்டிய நேரத்திலே, ‘உன் பெயர் பட்டியலில் இல்லை, போய் வா’ என்று எந்தக் குளியாளையும் திருப்பி அனுப்பியதாக நான் எங்கும் படித்ததில்லை!

விடுதலைக்குப் பிறகும் முத்துக்குளிப்பு நடந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்தது. 1961-இல் நடந்ததே கடைசி. முத்துப்பார்களின் வளம் குன்றிற்று. கடல் கையை விரித்துவிட்டது.

அதற்கு மறு ஆண்டு, 1962 ஏப்ரல் முதல் நாள், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்திலே, சென்னை ராஜ்யத்தில் முதியோர் உதவித்தொகை பிறந்தது. மாதம் 20 ரூபாய். உத்தரப் பிரதேசம் 1957-லேயே தொடங்கியிருந்தது. யார் தொடங்கினார்கள் என்று பார்த்து வாழ்த்தைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு வேண்டாம்; நல்லதைத் தொடங்கினார்கள், வாழ்த்துவோம். கடலிலிருந்து எடுப்பது நின்ற மறு ஆண்டே, கரைக்குக் கொடுப்பது தொடங்கிற்று. தற்செயல்தான், ஆனால் நாடகம் எழுதுகிறவனுக்குப் பிடித்தமான தற்செயல்!

அந்த 20 ரூபாய் விதை கிளைவிட்டது. 1974-இல் உடற்குறை உற்றோருக்கு, 1975-இல் ஆதரவற்ற விதவையருக்கு, 1986-இல் கணவனால் கைவிடப்பட்ட மகளிருக்கு, 2008-இல் மணமாகாத ஏழைப் பெண்டிருக்கு என்று வளர்ந்தது. 2011-இல் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 2023-இல் முதியோருக்கு 1,200 என உயர்ந்தது. தில்லி என்ன செய்தது? 1995 ஆகஸ்ட் 15-இல் தேசிய சமூக உதவித் திட்டம் என்று பேர் வைத்து 75 ரூபாயோடு வந்தது. 2006-இல் அதை 200 ஆக்கிற்று. 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு அந்த 200-தான். 80-ஐத் தாண்டியவருக்கு 2011 முதல் 500. நாடாளுமன்ற நிலைக்குழு, ‘இது போதாது, போதாது’ என்று பலமுறை எழுதிக் கொடுத்துவிட்டது. 200 நகரவில்லை. அதுவும் எத்தனை பேருக்கு? மாநிலத்துக்கு இத்தனை தலை என்று ஓர் உச்சவரம்பு. அந்த எண்ணுக்கு மேலே முதுமை அடைகிறவர்கள் தில்லியைப் பொறுத்தவரை முதுமையே அடையவில்லை! மிச்சத்தை மாநிலம் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

ஆக, திட்டம் இருக்கிறது. பணமும், குறைவோ நிறைவோ, இருக்கிறது. ஆணை இருக்கிறது. ஆணைக்கும் ஆச்சியின் கைக்கும் இடையிலே என்ன இருக்கிறது? அதைத்தான் இன்று பேச வந்தேன். காட்சியாகவே காட்டிவிடுகிறேன். கற்பனைதான், ஆனால் இந்த ஆச்சியை நீங்கள் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

இடம்: வட்டாட்சியர் அலுவலகம், சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. மேசைக்கு அந்தப் பக்கம் எழுத்தர். இந்தப் பக்கம் திரேஸ்புரத்து ஆச்சி.

“ஆச்சி, உங்களுக்கு வயது என்ன?”

“கடைசி முத்துக்குளிப்பின்போது கரையிலே சிப்பி பொறுக்க ஓடுகிற வயது, தம்பி. ஏழோ எட்டோ.”

“அது எந்த வருஷம்?”

“அதெல்லாம் படித்த உங்களுக்கல்லவா தெரியும்?”

“ஆதார் அட்டையிலே 1968-இல் பிறந்ததாக இருக்கிறதே!”

“எழுதின பிள்ளை என்னைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தது, ஒன்றைப் போட்டது.”

“அப்படியானால் உங்களுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை, ஆச்சி.”

“எனக்கு ஆகிவிட்டது, தம்பி. காகிதத்துக்குத்தான் ஆகவில்லை.”

“சரி, மகன் உண்டா?”

“உண்டு.”

“வருமானம்?”

“கடலைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.”

சிரிக்கிறீர்கள்! எழுத்தரும் சிரித்திருப்பார், அவர் கெட்டவர் அல்லர். ஆனால் மனு திரும்பிவிடும். ஆச்சி ஆதாரைத் திருத்தப் போவார். அங்கே பிறந்த தேதிக்குச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றுக்குப் போவார். பதிவேட்டிலே இல்லாத பிறப்புக்கு ஏது சான்று? மீண்டும் வட்டாட்சியர் அலுவலகம். ஒவ்வொரு நடைக்கும் ஆட்டோ கூலி, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பட்டினி. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடைக்கு ஓடிவந்தவன் நான், ‘சான்றிதழ் எங்கே?’ என்று ஒருவர் கேட்டால் எனக்கே தொண்டை வறளும். பள்ளி வாசலை மிதிக்காத ஆச்சிக்கு எப்படியிருக்கும்?

மேல்நாட்டு மேற்கோள் என்றால் அலுவலகங்களுக்கு இனிக்கும் அல்லவா? ஆகவே ஒன்று தருகிறேன். 1908-இல் பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது நிரம்பிய ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. 1909 சனவரி முதல் நாள் அஞ்சலகங்களிலே பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்தும் அப்போது அவர்கள் ஆட்சியிலே இருந்தது. அங்கே சிக்கல். பிறப்பைப் பொதுவாகப் பதிவு செய்யும் வழக்கமே அந்நாட்டில் 1864-இல்தான் வந்தது. 70 வயதுக்காரர் பிறந்ததோ 1839-க்கு முன்னே! சான்றுக்கு எங்கே போவார்? என்ன செய்தார்கள் தெரியுமா? 1839 சனவரி 6-ஆம் நாள் இரவு அயர்லாந்தைச் சூறைக்காற்று சூறையாடியிருந்தது. ‘பெருங்காற்று இரவு’ என்று அதற்கு ஊரெங்கும் பெயர். ‘அந்தக் காற்று நினைவிருக்கிறதா?’ என்று கேட்டார்கள் முதியவர்களை. ‘நினைவிருக்கிறது, கூரை பறந்தது, தாய் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்’ என்று சொன்னால் அதுவும் வயதுக்கு ஒரு சாட்சி ஆயிற்று. பொய் சொன்னவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? இருந்தார்கள். ஆனால் பொய்யனுக்கு அஞ்சி மெய்யனைப் பட்டினி போடவில்லை.

நமக்கு மட்டும் காற்று இல்லையா? 1964 டிசம்பரிலே தனுஷ்கோடியைக் கடல் கொண்டதே, அந்தப் புயலை அறியாத கரை எது இங்கே? அதைத் தன் கண்ணால் கண்டு நினைவிலே வைத்திருக்கிறவர் எவராயினும் இன்று அறுபதைக் கடந்தவரே; இதற்குக் கணினி வேண்டாம், கைவிரல் போதும். 1961 முத்துக்குளிப்பை நினைவில் வைத்திருப்பவர் அவருக்கும் மூத்தவர். தெருவிலே நாலு பெரியவர்களை உட்கார வைத்து, கிராம நிர்வாக அலுவலர் அரைமணி நேரம் பேசினால் வயது தெரிந்துவிடும். விசாரணை என்ற சொல்லுக்குப் பொருளே அதுதானே! இப்போதோ, விசாரணை என்றால் ஆச்சியின் காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒட்டிப் பார்ப்பது என்று ஆகிவிட்டது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. கணவனை இழந்தவளுக்கு உதவித்தொகை, வரவேற்கிறோம். கணவனின் இறப்புச் சான்று இணைக்க வேண்டும், நியாயந்தான். ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை என்றால்? கடல் ஆளைக் கொள்ளும், ரசீது கொடுக்காது! ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றிச் சேதி இல்லையென்றால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. அந்த ஏழாண்டும் அவள் யார்? மனைவி அல்லள், விதவையும் அல்லள். பொட்டு வைப்பதா அழிப்பதா என்று வீட்டிலும் தெரியாது. எந்தத் தலைப்பிலே மனுவை எழுதுவது என்று அலுவலகத்திலும் தெரியாது.

விதி வளையாது என்பார்கள். வளையும், தோழர்களே! 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலே வளைந்தது. காணாமற்போனவர்களுக்கு ஏழாண்டு காத்திராமல் இறப்புச் சான்று கொடுக்கத் தனி ஏற்பாடு வந்தது. 2017 நவம்பர் இறுதியிலே ஒக்கி வந்து குமரிக் கடலை உலுக்கியபோது, மீண்டும் வளைந்தது. கரை திரும்பாத மீனவர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கினார்கள். நூறு பேர் ஒருசேரப் போனால், படம் பிடிக்கும் கருவிகள் கரையிலே வரிசையாக நின்றால், விதி வளைகிறது. சங்கு குளிக்கப் போன ஒருவன் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்விட்டால் வளைய மறுக்கிறது. அவன் மனைவி செய்த குற்றம், அவள் கணவன் கூட்டத்தோடு சாகாததா?

முத்துக்குளிக்கிறவன் தன் கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே தோணியில் நிறுத்துவான் என்று இந்தக் கரையிலே சொல்வார்கள். ஏன்? தன் உடன்பிறந்தாள் தாலிக்கு அவன்தான் அஞ்சுவான். கீழே கயிறு அசைந்ததும் மேலே இழுப்பான். ‘எத்தனை முறை அசைந்தது? இரண்டு படிகளில் எழுதிக் கொடு’ என்று கேட்பானா? கேட்டால் மேலே வருவது பிணம். வறுமையிலே மூச்சுத் திணறுகிறவள் போடும் மனு, அந்தக் கயிற்றின் அசைவு.

இன்னும் இருக்கிறது. முன்பெல்லாம் இந்தத் தொகை மணியார்டரிலே வந்தது. தபால்காரர் வாசலுக்கு வந்து பேர்சொல்லிக் கூப்பிடுவார். சில இடங்களிலே பத்தோ இருபதோ அவர் கையோடு போனதும் உண்டு, அதை மறைக்கவில்லை. அதைத் தடுக்கவே வங்கிக் கணக்கு, வங்கி முகவர், கைரேகைக் கருவி என்று கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் யாருடைய ரேகை? உப்பளத்திலே நாள் முழுதும் உவர்நீரில் நின்று உப்பு வாரியவளின் ரேகை! பனிக்கட்டியிலும் உப்பிலும் மீனைப் புரட்டிப் புரட்டிக் கருவாடு போட்டவளின் ரேகை! பாறையிலே சங்கு பிடுங்கியவனின் ரேகை! உழைப்பு அழித்துவிட்ட ரேகையை ‘பொருந்தவில்லை’ என்கிறது கருவி. விரலைத் துடைக்கச் சொல்கிறார்கள். எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். நாளைக்கு வரச் சொல்கிறார்கள். உழைத்ததற்குச் சான்றே அந்தத் தேய்ந்த விரல்தான்; அதைக் காட்டினால் ஆள்மாறாட்டம் என்று ஐயம்! கருவிழி பார்க்கும் கருவி உண்டு. ரேகை தோற்றால் வேறு வழியிலே அடையாளம் கண்டு கொடுக்கலாம் என்று விதியும் உண்டு. அந்த விதி கருவிக்கு முன்னே நிற்கும் முகவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே கேள்வி. பல இடங்களிலே தெரியவில்லை. தெரிந்த இடங்களிலே கருவி இல்லை.

கொஞ்சம் துறைமுகத்துப் பக்கம் திரும்பிப் பாருங்கள். 1974-இல் பெருந்துறைமுகமாகி, இன்று வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஏற்றப்படும் கொள்கலன் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கொழும்பிலே இறங்கிற்றா, எந்தக் கப்பலுக்கு மாறிற்று, ராட்டர்டாம் எப்போது போகும் என்று இங்கே உட்கார்ந்தபடி சொல்கிறார்கள். ஏழாயிரம் கல் தொலைவு போகும் இரும்புப் பெட்டி தொலைவதில்லை. ஆச்சியின் மனு, கிராம நிர்வாக அலுவலர் மேசையிலிருந்து வருவாய் ஆய்வாளர் மேசைக்குப் போகும் வழியிலே தொலைந்து விடுகிறது! இணையத்திலே ஏற்றிவிட்டோம் என்கிறார்கள். ஏற்றியது உண்மை; இறங்கியது எங்கே என்று ஆச்சிக்கு யார் சொல்வது?

கிராம நிர்வாக அலுவலர் மீது பழியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நிலப் பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, பயிர்க் கணக்கு, தேர்தல் வேலை, வெள்ள வேலை, அமைச்சர் வருகை, அத்தனையும் அவர் தலையிலே. தகுதியற்ற ஒருவருக்குப் பரிந்துரைத்தால் தணிக்கையிலே அவர் கழுத்துக்குக் கத்தி. தகுதியுள்ள பத்துப்பேரைத் தள்ளிவிட்டால் எந்தத் தணிக்கையும் அவரைக் கேட்பதில்லை. அப்படியிருக்க, மனிதர் எந்தப் பக்கம் சாய்வார்? தவறாகக் கொடுத்த ஒரு ரூபாய்க்கு ஏடு உண்டு. தவறாக மறுத்த ரூபாய்க்கு ஏடே கிடையாது. சிக்கலின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முடியாது என்று யாராவது சொன்னால் 2023 டிசம்பரை நினைவூட்டுங்கள். 17, 18 தேதிகளிலே வானம் பிளந்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஊர் புகுந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளே, டோக்கன் கொடுத்து, நியாயவிலைக் கடையிலே வைத்து, கடும் பாதிப்புற்ற வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கையிலே கொடுக்கத் தொடங்கினார்கள். குறை இல்லையா? இருந்தது. மற்ற வட்டங்களுக்கு 1,000 என்று கோடு போட்டார்கள். வெள்ளத்துக்கு வட்ட எல்லை தெரியுமா? குடும்ப அட்டை இல்லாதவர் நின்றபடியே நின்றார். ஆயினும் பதினைந்து நாளுக்குள் சக்கரம் சுழன்றதல்லவா! மழைக்காலத்திலே வேலையற்று நிற்கும் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் என்று 2022-இல் வழங்கத் தொடங்கினார்களே, அதுவும் இந்த மாவட்டம் கண்டதுதான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதற்கான நிவாரணம் 8,000 ஆகும் என்று 2023 ஆகஸ்டிலே மண்டபத்தில் அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 131 ரூபாய். அந்தத் தொகை தடை தொடங்கும் அன்று கிடைத்தால் அரிசி. தடை முடிந்து கிடைத்தால் வட்டிக்காரனுக்கு!

ஒரு நல்ல முன்மாதிரியும் கைவசம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மாதம் 1,000 என்று போயிற்று. தள்ளப்பட்டவர்களும் பல லட்சம். ஆனால் ஏன் தள்ளினோம் என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். காரணம் சரியோ தவறோ, காரணம் என்று ஒன்று கிடைத்தது. அதை எதிர்த்துப் பேச ஓர் இடம் கிடைத்தது. அதே உரிமையை ஆச்சிக்கும் கொடுங்கள் என்பதே கோரிக்கை. மனுவை வாங்கினால் எண் போட்ட ரசீது. மறுத்தால், படித்துக் காட்டக்கூடிய தமிழிலே காரணம். மேலே முறையிட ஓர் அதிகாரி, ஒரு கெடு. தவறாக மறுத்தவற்றுக்கும் ஓர் ஏடு, ஆண்டுக்கொருமுறை தணிக்கை. இவற்றுக்குப் புதிய வரி எதுவும் வேண்டாம்.

இதுவரை சர்க்காரைச் சொன்னேன், கைதட்டினீர்கள். இனி உங்களைச் சொல்கிறேன், தட்டுகிறீர்களா பார்ப்போம்.

தேர்தல் வந்தால் என்ன செய்கிறோம் நாம்? வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறோம். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, எந்த ஆச்சிக்குக் கால் முடியாது, எந்தத் தாத்தாவுக்குக் கண் தெரியாது, எல்லாம் நமக்கு அத்துபடி. வாக்குப்பதிவு அன்று ஆட்டோ வாசலிலே நிற்கிறது. ‘ஆச்சி, ஏறுங்கள்’ என்று கைத்தாங்கலாக ஏற்றுகிறோம். ஒரு பெயர் விடுபட்டால் கொதிக்கிறோம்; கலெக்டர் அலுவலகம் வரை போகிறோம். முத்துக்குளிப்புக் காலத்துச் சர்க்காரைப் போல, எடுக்கும்போது நமக்கும் எண்ணத் தெரிகிறது! அந்த ஆச்சியே மறுமாதம் மனுவோடு வட்டாட்சியர் அலுவலகத்துத் திண்ணையிலே உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஆட்டோ எங்கே?

கிளைச் செயலாளர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நாலு கோடு போடுங்கள்: பெயர், மனு கொடுத்த நாள், மனு எண், கிடைத்த பதில். திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பார் என்று கரையோரம் முழுவதும் எழுதுங்கள். எந்தக் கட்சிக் கொடி அந்த வீட்டுக் கூரையிலே பறக்கிறது என்று பார்க்காமல் எழுதுங்கள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத வீடு இருந்தால், அதை முதல் பக்கத்திலே எழுதுங்கள். பதில் என்ற கட்டம் வெறுமையாக இருப்பவர்களை அழைத்துக்கொண்டு போய், பதில் கேளுங்கள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தால் கேளுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கிவிடும். அதன்பிறகு கரையிலே கையில் காசு இராது, ஆட்டோவுக்குக்கூட இராது. ஆகவே அதற்கு முன்பே போங்கள். காலையிலே, வெயில் ஏறுவதற்குள் போங்கள். வரிசையிலே நிற்கப் போகிறவருக்கு வயது எழுபது.